90 நிமிட ஆட்டத்தை 20 நிமிடத்தில் ஆடி முடிக்கும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரண்டு வருடமாக செஸ் வகுப்புக்குப் போகிறான். கவனம் கூடும், கணக்கு நன்றாக வரும் என்று சொன்னதால் சேர்த்தோம். வீட்டில் நன்றாகத்தான் ஆடுகிறான். போட்டியில் உட்கார்ந்தால் படபடவென்று ஆடித் தோற்றுவிட்டு அழுகிறான். போன மாதம் 90 நிமிட ஆட்டத்தில் 35ஆவது மூவில் தோற்று வெளியே வந்தபோது கிளாக்கில் இன்னும் 85 நிமிடம் இருந்ததாம். பயிற்சியாளர், "ஆறு மாத பேக்கேஜ் எடுங்கள், 1200 ஃபிடே ரேட்டிங் உறுதி, ரேட்டிங் வந்துவிட்டால் நிதானம் தானாக வரும்" என்கிறார். 45,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?
ஒரு தாய், ஈரோடு

பதில்: கட்டாதீர்கள். ஃபிடே என்ற உலக சதுரங்கக் கூட்டமைப்பு ஆட்டக்காரரின் பலத்துக்குக் கொடுக்கும் எண்தான் ரேட்டிங். அதில் 1200 என்பது இப்போது கிடையாது. 2024 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து பட்டியலில் ஆகக் குறைந்த எண் 1400. அதற்கு முன்பு 1000 வரை இருந்தது. இப்போது 1400க்குக் கீழே சரிந்தால் ரேட்டிங் இல்லாதவர் கணக்கில் போய்விடுவார்கள். ஆக, உங்கள் பயிற்சியாளருக்கு விதி மாறியதே தெரியாது, அல்லது ஏதோ செயலியில் காட்டும் எண்ணை ஃபிடே ரேட்டிங் என்று உங்களிடம் விற்கிறார். இரண்டில் எதுவானாலும் 45,000 ரூபாய்க்குத் தகுதி இல்லை.

ரேட்டிங் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் "உறுதி" என்ற சொல்லின் மதிப்பு விளங்கும். ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 26 மாதத்துக்குள் பல போட்டிகளில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஆட்டங்களில் எடுத்த புள்ளியையும் எதிராளிகளின் பலத்தையும் வைத்துக் கணக்கு வரும். பையன் புள்ளி எடுத்தால் வரும், எடுக்காவிட்டால் வராது. இதில் நடுவில் ஒருவர் உறுதி கொடுக்க என்ன இருக்கிறது? பேக்கேஜ்காரர் செய்வதெல்லாம் மாதம் இரண்டு போட்டிக்கு உங்கள் செலவில் பெயர் கொடுப்பதுதான். அதை நீங்களே செய்யலாம். அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பின் தளத்தில் பெற்றோரே பதிவு செய்யலாம். ஃபிடே எண் தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் கிடைக்கும், அகாடமி வழியாக அல்ல. "வெளிநாட்டுப் போட்டி, சர்வதேசச் சான்றிதழ்" என்று சுற்றுலாவைச் சேர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ரேட்டிங் இல்லாத 9 வயதுப் பையனுக்கு அதில் கிடைப்பது விமானப் பயணம் மட்டுமே.

இனி அவசரம். அந்த ஆட்டத்தில் 90 நிமிடத்தோடு ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கிளாக்கில் கூடியிருக்கும். 35 மூவுக்குப் பதினேழரை நிமிடம். அப்படியானால் மகன் மொத்தமாகச் செலவழித்தது இருபத்திரண்டரை நிமிடம், மூவுக்கு 40 விநாடிகூட இல்லை. இதை அவன் குணம் என்று நினைக்காதீர்கள், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். இங்கே குழந்தைகளுக்கு நடக்கும் ஒருநாள் போட்டிகளைப் பாருங்கள். ஒரே நாளில் ஆறேழு சுற்று, ஆளுக்கு 15 அல்லது 25 நிமிடம். இது ரேபிட் எனும் வேக ஆட்டம், மூவ்களை எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. நுழைவுக் கட்டணம், வயதுக்கு வயது கோப்பை, மாலையில் மேடையில் போட்டோ. வருடம் முழுக்க இதிலேயே ஓடவிட்டு, திடீரென்று 90 நிமிட ஆட்டத்தில் உட்காரவைத்தால் குழந்தைக்கு அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாது. போட்டி நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நீண்ட ஆட்டம் நடத்தினால் ஒரு நாளில் முடியாது, மண்டப வாடகை கூடும், அவ்வளவுதான் விஷயம்.

மருந்து நொட்டேஷன் ஷீட்டில், அதாவது ஆடிய மூவ்களை எழுதும் தாளில் இருக்கிறது. மூவை எழுதும்போது பக்கத்திலேயே கிளாக்கில் மிச்சமிருக்கும் நிமிடத்தையும் எழுதச் சொல்லுங்கள். விதி இதை அனுமதிக்கிறது. வீட்டுக்கு வந்து தாளைப் பாருங்கள். எந்த மூவில் காய் போனதோ, அந்த இடத்தில் அநேகமாக ஒரு நிமிடம்கூடக் குறைந்திருக்காது. 'நிதானமாக ஆடு' என்று நூறு தடவை சொல்லி வராதது, அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்க்கும்போது வரும்.

ஆனால் ஒன்று. பழைய பயிற்சியாளர்கள் சிலர் 'முதலில் எழுது, பிறகு ஆடு' என்பார்கள். அவசரத்துக்கு நல்ல கடிவாளம்தான், ஆனால் இன்றைய விதிப்படி தவறு. ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆர்பிட்டர் (நடுவர்) எச்சரிப்பார். இதற்கு விலக்கு உண்டு. பல குழந்தைகள் இதில் அரைப் புள்ளியை இழக்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். தன் அடுத்த மூவால் ஒரே நிலை பலகையில் மூன்றாம் முறை வரப்போகிறது என்றால் டிரா கேட்கலாம். அப்போது மூவை ஆடாமல் தாளில் எழுதி, கிளாக்கை நிறுத்தி, ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, 'இதை ஆடப்போகிறேன், மூன்றாம் முறை' என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் மூவை ஆடி, கிளாக்கை அழுத்திவிட்டு, பிறகு கை தூக்குகிறார்கள். அது செல்லாது, முறை எதிராளிக்குப் போய்விட்டது. காயைத் தொட்டுவிட்டாலும் அந்த மூவில் கேட்கும் உரிமை போச்சு. எழுதிய மூவை மாற்றவும் முடியாது. கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதியதையே ஆடியாக வேண்டும். மூன்று முறை என்றால் காய்கள் ஒரே இடத்தில் இருப்பது மட்டுமல்ல, ஆட வேண்டியவரும் அதே ஆளாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. நொட்டேஷன் ஒழுங்காக எழுதாதவன் இதில் எதையும் நிரூபிக்க முடியாது.

யோசிப்பது என்றால் எதை யோசிப்பது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். காயைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்வி போதும்: 'நான் இதை ஆடினால் அவனுக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்ட முடியும்?' ஓர் உதாரணம். இருவரும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளை ராணியை வலது ஓரத்துக்குக் கொண்டுவருகிறது. கறுப்பில் உட்கார்ந்த குழந்தை 'ராணியை விரட்டு' என்று ராஜா பக்கக் குதிரையின் முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறது. ராணி நடுச் சிப்பாயை வெட்டி ராஜாவுக்கு செக் வைக்கும். அங்கிருந்தே குறுக்குக் கோட்டில் மூலையிலுள்ள யானையும் அதன் பார்வையில். யானை போச்சு. முதலில் இன்னொரு பக்கக் குதிரையை வெளியே எடுத்து நடுச் சிப்பாய்க்குக் காவல் வைத்து, வெள்ளை பிஷப்பையும் கொண்டுவந்து மேட் மிரட்டும்போது அதே சிப்பாயைத் தள்ளினால் அருமையான மூவ். ஒரே மூவ்தான், வரிசை மாறினால் யானை போகிறது. இதை ஒரு மாலை முழுக்கப் பலகையில் வைத்து உங்கள் மகன் வாயாலேயே சொல்லவையுங்கள்.

காய்க்குக் காய் வெட்டி மாற்றும்போதும் அதே கேள்விதான். 2024 சிங்கப்பூர் உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை மாற்ற வந்தார். மாற்றிய பின் பிஷப்பையும் கட்டாயமாக மாற்ற வேண்டி வந்தது, வெறும் ராஜா சிப்பாய் ஆட்டத்தில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

வீட்டில் வாரம் ஒரு நீண்ட ஆட்டம், ஆளுக்கு 60 நிமிடம், எழுதியபடி. தினம் பத்துப் புதிர், விடையை எதிராளியின் பதிலோடு தாளில் எழுதிவிட்டுத்தான் திரையைத் தொட வேண்டும். 3 நிமிட ஆன்லைன் ஆட்டங்களை ஆறு மாதம் நிறுத்துங்கள். லிச்செஸ் என்ற செஸ் தளம் இலவசம், ஆட்டத்தை அலசும் ஸ்டாக்ஃபிஷ் மென்பொருளும் இலவசம். 'பிரீமியம் மென்பொருள்' என்று தனியாக விற்றால் வாங்காதீர்கள். தோற்ற அன்றே ஆட்டத்தை அலசாதீர்கள், மறுநாள். முதலில் அவன் சந்தேகப்பட்ட மூன்று இடங்களை அவனே குறிக்கட்டும், பிறகு கணினி.

கணக்கு மார்க்? அதற்காகச் சேர்த்திருந்தால் ஏமாற்றம்தான். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 9, 10 வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு 30 மணி நேரம் செஸ் கற்றுக்கொடுத்து, ஒரு வருடம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். 2016இல் வந்த அறிக்கைப்படி கணக்கிலும் வாசிப்பிலும் வித்தியாசம் இல்லை. பிடித்திருப்பதால் ஆடட்டும். கணக்குக்குக் கணக்கைத்தான் போட வேண்டும்.

பயிற்சியாளரை மாற்றுவதா என்பதற்கும் தாளே போதும். கடைசி மூன்று போட்டிகளின் நொட்டேஷன் ஷீட்டுகளில் அவர் கைப்படக் குறிப்பு எழுதியிருக்கிறாரா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். இருந்தால் மாதக் கட்டணத்தில் தொடருங்கள், மொத்தமாகக் கட்டாமல், ரசீது வாங்கிக்கொண்டு. ஷீட்டே இல்லை என்றால் அடுத்த மாதமே வேறு ஆள் பாருங்கள்.