விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

கேள்வி: ஆத்தங்குடியில் எங்கள் டைல்ஸ் பட்டறைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். வயது 51. எட்டு வருடமாக விண்டோஸ் 10-ல் டாலி, எக்செல், தமிழில் சில கடிதங்கள், இவ்வளவுதான் பழக்கம். அந்தக் கணினிக்கு இனி அப்டேட் வராது என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. காரைக்குடியில் கல்லூரிக்குப் போகும் மகன் 'லினக்ஸ் போட்டுவிடலாம்மா' என்கிறான். சிங்கப்பூரிலிருந்து வந்த மகள் தன் பழைய மேக்புக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மூன்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா? எதை வைத்துக்கொள்வது?

பதில்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுமே கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்தான். முதலில் டாலியைப் பேசிவிடலாம். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. டாலி விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். மேக்கிலோ லினக்ஸிலோ நேரடியாக ஓடாது. சுற்றுவழிகள் உண்டு. ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில் சுற்றுவழி முரண்டு பிடித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பட்டறைக் கணக்கு விண்டோஸிலேயே இருக்கட்டும்.

எச்சரிக்கை உண்மைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி நாளைக்கே நின்றுவிடாது. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும், அவ்வளவுதான். பேங்க் வேலை பார்க்கிற கணினிக்கு அது ஆகாது. விண்டோஸ் 11 ஏற்ற 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கணினி தேறுமா என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். தேறாவிட்டால் பட்டறைக்கு வேறு கணினி வாங்கிக்கொண்டு, பழையதை மகனின் லினக்ஸ் ஆசைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். நீங்கள் செட்டிநாட்டுக்காரர் என்பதால் எனக்கு வேலை எளிது. பழைய நகரத்தார் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான மகனின் குடும்பத்துக்கும்) தனி அறை, தனிப் பூட்டு. வளவு எல்லாருக்கும் பொது. கணினியில் யூசர் அக்கவுன்ட் என்பது அந்த அறைதான். உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. விண்டோஸிலும் மேக்கிலும் அந்த அறைகள் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். லினக்ஸில் 'ஹோம்' என்பதில். உங்கள் அறைக்குள் பெட்டியை நகர்த்த யாரையும் கேட்க வேண்டாம். சுவரை இடிக்க வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர் சம்மதம் வேண்டாமா? புது மென்பொருள் ஏற்றும்போது கணினி அனுமதி கேட்பது அதற்குத்தான். மூன்றுமே கேட்கும். எரிச்சல்பட்டு 'எஸ்' அழுத்தாமல், எந்த மென்பொருள் கேட்கிறது என்று ஒரு முறை படித்துவிடுங்கள்.

வீட்டு அமைப்பில் ஒரு வித்தியாசம் உண்டு. விண்டோஸுக்கு ஒவ்வொரு டிரைவும் தனி வீடு. சி, டி, இ என்று கதவு எண் போட்டிருக்கும். (ஏ, பி எங்கே என்று கேட்டால், அவை ஃபிளாப்பி காலத்தில் ஃபிளாப்பிக்கு ஒதுக்கிய எழுத்துகள்.) மேக்கிலும் லினக்ஸிலும் எல்லாம் ஒரே வீடு. ஒரு சாய்கோடுதான் (/) முகப்பு. அதில் நுழைந்தால் கட்டுக்கட்டாக உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். பென் டிரைவைச் செருகினால் அதே வீட்டில் இன்னோர் அறையாகச் சேர்ந்துகொள்ளும். ஆகவே மகன் கணினியில் டி டிரைவைத் தேடித் தவிக்காதீர்கள். லினக்ஸில் இன்னொன்று: ஆங்கிலப் பெயரில் ஒவ்வோர் எழுத்தும் பெரியதா சிறியதா என்று பார்க்கும். ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினால் இரண்டு ஃபைல்.

மேக்கில் தடுமாறுவது விரல்தான். கன்ட்ரோல் வைத்துச் செய்ததையெல்லாம் பெரும்பாலும் கமாண்ட் விசையில் செய்ய வேண்டும். இடது மூலையிலுள்ள சிவப்புப் பொத்தான் ஜன்னலை மட்டும் மூடும். மென்பொருள் பெரும்பாலும் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுவதும் மூட கமாண்டும் கியூவும். ஃபைலைக் 'கட்' செய்து ஒட்டும் பழக்கம் அங்கே பலிக்காது: காப்பி செய்துவிட்டு, ஒட்டும் இடத்தில் ஆப்ஷன், கமாண்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இடம் மாறும்.

மூன்று கணினிக்கும் ஒரே பென் டிரைவ் என்றால் அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருப்பதை மேக் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

தமிழ்க் கடிதங்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள், மூன்றிலும் கிடைக்கிறது. ஒரு முறை கை பழகினால் எந்தக் கணினியிலும் அதே விரல்தான். உங்கள் பழைய கடிதங்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றினால் எங்கும் படிக்கலாம். மேக்புக்கைத் தொடுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள் என்பேன்.

லினக்ஸ் பற்றி மகன் சொல்வதும் வெறும் விளையாட்டில்லை. பழைய கணினியில் லகுவாக ஓடும், காசில்லை, எழுத்து வேலைக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் பல வகை உண்டு; விண்டோஸ் கைக்கு மின்ட் என்ற வகை சட்டென்று பழகும். முதலில் கணினியில் ஏற்ற வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைத் தொடாது. பிடித்துப்போய் ஏற்றும்போது, டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நான் அதற்குச் 'சரி' கொடுத்து, டி டிரைவில் இருந்த கல்யாணப் போட்டோக்களை இழந்தவன். டாலி பேக்கப் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தத் திரைக்கே போகாதீர்கள்.

பழகுவதற்கு ஒரு மணி நேரம் போதும். தமிழில் நாலு வரி அடித்து, பெயர் வைத்துச் சேமித்து, மூடி, தேடி எடுங்கள். பெயரை மாற்றுங்கள். பென் டிரைவுக்குக் காப்பி செய்து, முறைப்படி 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்றுங்கள். அப்புறம் கணினியில் இருக்கும் ஃபைலை அழித்து, குப்பைத் தொட்டியிலிருந்து திரும்ப எடுங்கள். இதையே மூன்று கணினியிலும் செய்யுங்கள். எங்கே கை நிற்கிறதோ, அதை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டால் போதும். பட்டறைக் கணினியை மாற்றும் வேலையை மட்டும் மார்ச் 31-க்கு நெருக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.