மலையோரச் சாலையில் எங்கெங்கே நிறுத்தலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதுரையிலிருந்து காரில் வருகிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் முட்டுவலி. கடலும் விவேகானந்தர் பாறையும் பலமுறை பார்த்தாயிற்று. குமரி மாவட்டத்தில் ஒரே நாளில் மலைப்பக்கம் சுற்றிவர ஒரு நல்ல வழி சொல்லுங்கள். (வாசகி, மதுரை)

பதில்: கொடைக்கானல் மாதிரி வளைந்து வளைந்து ஏறி உச்சியில் ஒரு ஊரைப் பிடிக்கும் சாலை இங்கே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே அழகெல்லாம் மலையடிவாரத்தில் ஓடும் சாலைகளில் இருக்கிறது. பத்து இடத்தை ஒரே நாளில் திணிக்காமல், கோதையாற்றைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள், அது போதும்.

காலையிலேயே நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குப் போய்விடுங்கள். குலசேகரம் தாண்டினால் இருபுறமும் ரப்பர் தோட்டம். விடியும் முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும் என்பதால் சீக்கிரம் போனால் சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்க்கலாம். தோட்டத்தில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். ஜனவரி வாக்கில் வந்தால் இலையெல்லாம் சிவந்து கொட்டிக் கிடக்கும், மரம் பட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்து தளிர் விடும். அந்தத் தளிர் காலத்தில்தான் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். ரப்பரில் பூவை விட இலைக்காம்பில் சுரக்கும் தேன்தான் தேனீக்கு முக்கியம். சாலையோரம் வரிசையாகப் பெட்டி தெரிந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகக் கடந்து போங்கள்.

பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன, அதனால் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள் என்பது என் ஆசை. அணைக்குப் பின்னால் மேகம் தொட்ட மலை தெரியும், காலை வெளிச்சத்தில்தான் அது தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் பல நாட்கள் மூடிவிடும்.

அங்கிருந்து திற்பரப்பு. அதே கோதையாறுதான், இங்கே அருவியாக விழுகிறது. அணையில் உபரி நீர் திறந்திருந்தால் குளிக்க விடமாட்டார்கள், ஆகவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மகாதேவர் கோவில், சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தின் 12 கோவில்களில் இதுவும் ஒன்று. சிவராத்திரியை ஒட்டி வந்தால் காவி கட்டிய பக்தர்கள் இந்தச் சாலைகளிலேயே ஓடுவார்கள், இரவிலும் ஓடுவார்கள், அந்த இரண்டு நாளும் கார் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.

அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் காலத் திட்டம், 1966இல் முடிந்தது. 28 தூண்கள், 115 அடி உயரம், கீழே ஓடுவது பரளியாறு, மேலே தொட்டியில் ஓடுவது கால்வாய்த் தண்ணீர். பாலத்தின் மேல் சமதளம் என்பதால் அப்பா அம்மா தாராளமாக நடக்கலாம். ஆற்றங்கரைக்கு இறங்கும் படிகள் மட்டும் வேண்டாம், ஏறி வரும்போது முட்டி கேட்காது. நீங்கள் இறங்கிப் பாருங்கள், ஏனென்றால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் புரியும்.

சாயந்திரம் திருவட்டாறு. மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் கடைசியில் வைத்தேன். ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும், அவ்வளவு நீளமாகப் பள்ளிகொண்டிருக்கிறார். 400 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்த கோவில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். கோதையாறும் பரளியாறும் சேரும் மூவாற்றுமுகம் இங்கே பக்கம்தான். காலையில் அணையில் பார்த்த தண்ணீர் இன்னொரு ஆற்றோடு கலந்து குழித்துறைப் பக்கம் போவதை வெளிச்சம் இருந்தால் பார்த்துவிடுங்கள்.

சிதறால் சமணர் மலை இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஏற்றம் உண்டு. அதை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து பைக்கில் மேல் கோதையாறு போகலாம் என்று இருக்கிறோம். விடுவார்களா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். செக்போஸ்ட்டில் கெஞ்சிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அது யானைக் காடு. தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கொண்டுவந்து விட்டதே மேல் கோதையாறு காட்டில்தான். பைக் சத்தத்துக்கு மிரண்ட யானை முன்னால் திரும்ப இடமில்லாத சாலையில் மாட்டினால் யாரும் காப்பாற்ற முடியாது, யானைக்கும் அது நல்லதில்லை. காட்டுச் சாலையில் பைக் ஓட்ட ஆசை என்றால் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை வரை போங்கள், வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: காளிகேசத்தில் குழந்தைகளைக் குளிக்க வைக்கலாமா? (வாசகி, திங்கள்நகர்)

பதில்: அது மலையிலிருந்து இறங்கும் காட்டாறு. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். கலங்கலாக வந்தாலோ இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூனிலும் நவம்பரிலும் சிறு பிள்ளைகளோடு அந்தப் பக்கம் இறங்காமல் இருப்பதே சரி. மற்ற நாட்களில் வனத்துறை அனுமதித்தால், முழங்கால் தண்ணீரில் நீங்களும் கூடவே நின்று விளையாட விடுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வரும்போது வழியில் நிற்க ஏதாவது உண்டா? என்ன வாங்கலாம்? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: முப்பந்தல் காற்றாலைகளை ஜூன் முதல் செப்டம்பருக்குள் பாருங்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீறும் காலம் அது. நான்குவழிச் சாலையில் ஓரம் கட்டிப் படம் எடுக்காமல் ஊருக்குள் திரும்பி நிறுத்துங்கள். விடிகாலையில் வந்தால் தோவாளை பூச்சந்தை. வாங்க வேண்டியது மட்டிப்பழம் என்ற நம்மூர் வாழைப்பழம், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நன்றாகப் பழுத்த குலையை வாங்கினால் ஊர் போய்ச் சேருவதற்குள் குழைந்துவிடும், லேசாகப் பச்சை ஓடியதாகக் கேட்டு வாங்குங்கள். கிராம்பு வாங்குவதானால் மலையோர ஊர்களில் கேளுங்கள், மாறாமலைப் பக்கம் விளைவது மணத்திலேயே தெரியும்.