ஐசியு நோயாளியின் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே அறிய முடியுமா? கேள்வி பதில்

ஐசியு செவிலியர் ஒருவர்: காலையில் கிரியேட்டினின் 0.9 என்று வந்த நோயாளிக்கு மறுநாள் 2.1 ஆகிவிடுகிறது, ஐயா. இது முன்பே தெரிய வழியில்லையா?

கிரியேட்டினின் தசையில் உருவாகி, சிறுநீரகம் வடிகட்டாதபோது இரத்தத்தில் மெல்லத் தேங்குவது; ஆகவே வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் அது ஏறித் தெரிவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிவிடலாம். செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிக்கு லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றும்போது அது நீர்த்துப்போய் இன்னும் குறைவாகவே காட்டும்.

உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே அதைவிட முந்திய அறிகுறி இருக்கிறது. கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பின் 2012ஆம் ஆண்டு வரையறைப்படி, கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்கும் குறைவாக 6 மணி நேரம் சிறுநீர் பிரிந்தாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்புதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு அந்த எல்லை மணிக்கு 30 மி.லி. இரவு 11 மணிக்கு 40, 12 மணிக்கு 28, 1 மணிக்கு 20 என்று இறங்கினால், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திராமல் பணியிலுள்ள மருத்துவரை அழையுங்கள்.

முதுநிலை மருத்துவ மாணவி: சி.ஆர்.பி., புரோகால்சிடோனின், நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் (இருவகை வெள்ளையணுக்களின் விகிதம்) ஆகிய அழற்சிக் குறியீடுகளில், சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டி அறிய எதை நம்பலாம்?

தனித்து எதையும் நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. அழற்சி கடுமையாக இருக்கும்போது சிறுநீரக நுண்குழல்களின் செல்கள் அடிபடுகின்றன, நுண் இரத்த ஓட்டமும் சீர்கெடுகிறது; அதனால் இவற்றுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் தொடர்பு உண்மையாகவே உண்டு. ஆனால் சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாவது, நிமோனியாவிலும் ஏறும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறும். சிறுநீரகம் செயலிழந்தாலே புரோகால்சிடோனின் சற்று உயர்ந்துவிடுவதால், எது காரணம் எது விளைவு என்பது குழம்பிப்போகிறது. அந்த விகிதத்தைச் சாதாரண இரத்த அணுப் பரிசோதனையிலேயே கணக்கிட்டுவிடலாம் என்றாலும், ஸ்டீராய்டு கொடுத்தால் அது தானே ஏறிவிடும்.

அடிபட்ட சிறுநீரகச் செல்கள் வெளியிடும் என்.ஜி.ஏ.எல். என்ற புரதம் இவற்றைவிடச் சிறுநீரகத்துக்கு நெருக்கமானது. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளிடம் அது 2 மணி நேரத்திலேயே உயர்ந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. செப்சிஸிலோ நியூட்ரோஃபில்களும் அதைச் சுரப்பதால் தெளிவு குறைகிறது. செல் சுழற்சித் தடையை, அதாவது அடிபட்ட செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்வதைக் காட்டும் டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.-7 என்ற இரு சிறுநீர்ப் புரதங்களின் இணைச் சோதனையை 2014இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது, விலைதான் தடை.

தரவியல் ஆய்வாளர்: சிறுநீரகப் பாதிப்பை முன்கணிக்கும் எங்கள் கணினி மாதிரியின் ஏ.யு.சி. (பாதிப்பு வருபவரையும் வராதவரையும் பிரித்தறியும் திறன்; 1 என்றால் முழுமை) 0.9 வருகிறது. போதுமா?

இரத்த மாதிரி எடுத்த நேரத்தை முதலில் பாருங்கள். பாதிப்பு தொடங்கிய பின் எடுத்த மதிப்பு உள்ளே புகுந்திருந்தால், அதை முன்கணிப்பு என்று சொல்ல முடியாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 2019இல் வெளியிட்ட கணினி மாதிரிகூட, 48 மணி நேரம் முன்னதாக எச்சரித்தபோது ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் 2 தவறான எச்சரிக்கைகளைக் கொடுத்தது. வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடமும் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நோயாளியின் மகன்: அப்பா நிமோனியாவால் ஐசியுவில் இருக்கிறார். சி.ஆர்.பி. 180 என்கிறார்கள். டயாலிசிஸ் தேவைப்படுமா, டாக்டர்?

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது, மனத்தைத் தளரவிடாதீர்கள். பொட்டாசியம் கட்டுக்கடங்காமல் ஏறுவது, நுரையீரலில் நீர் கோப்பது போன்ற தேவை எழும்போதுதான் டயாலிசிஸ் பற்றி முடிவெடுப்பார்கள். அத்தகைய அவசரம் இல்லாதவர்களுக்கு அதை முந்தியே தொடங்குவதால் இறப்பு குறையவில்லை என்று 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியுள்ளது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அப்பா வீட்டில் சாப்பிட்டுவந்த மூட்டுவலி மாத்திரை, பிரஷர் மாத்திரைகளின் அட்டைகளையும், பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் இன்றே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்பாவின் வழக்கமான அளவு எது என்று தெரிந்தால்தான் இன்றைய எண் ஏறியிருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியும்.