வண்டியும் சட்டமும்: வேகத் துப்பாக்கி காட்டிய 88

கேள்வி: எனக்கு வயது 22. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரும் வழியில், உச்சிப்புளிக்கு முன்னால் போலீஸார் பைக்கை நிறுத்தி “88-ல வந்திருக்க” என்றார்கள். மீட்டரில் முள் 60-ஐத் தாண்டவே இல்லை. அந்த நேரம் அரசுப் பேருந்து ஒன்று என்னை முந்திக்கொண்டிருந்தது. கையிலிருந்த கருவி யாரைப் பிடித்ததோ தெரியவில்லை. செல்லுக்குச் சலான் வந்துவிட்டது. கட்டிவிடுவதா, வழக்காடுவதா? — வாசகர், உச்சிப்புளி

பதில்: சலானில் தொகையைப் பார்ப்பதற்கு முன் பிரிவு எண்ணைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183 என்றால் வேகம் மட்டும். 1000 ரூபாயோடு போகும். 184 என்றால் ஆபத்தாக ஓட்டியது. முதல் தடவைக்கே 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸை நிறுத்திவைக்க ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பவும் வழி உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தால் “ஆயிரம்தானே” என்று கட்டிவிடாதீர்கள். கட்டியது ஒப்புக்கொண்டதாகிவிடும்; பிறகு வாதாட இடமில்லை.

இனி அந்தக் கருவி. கையில் பிடிக்கும் வேகத் துப்பாக்கியில் ரேடார், லேசர் என்று இரண்டு வகை. லேசரின் கதிர் மெல்லியது. 100 மீட்டரில் ஏறக்குறைய ஓரடி அகலம்தான் இருக்கும். உங்கள் நம்பர் பிளேட்டைக் குறிவைத்தால் உங்களைத்தான் பிடித்திருக்கும். ரேடார் அப்படியல்ல. கதிர் 12 பாகை விரிந்தால் 100 மீட்டரில் 21 மீட்டர் அகலமாகிவிடும். சாலை முழுவதும், ஓரத்துக் கருவேலங்காடும் அதற்குள் அடங்கும். அந்த வட்டத்துக்குள் பைக்கும் பேருந்தும் சேர்ந்து வந்தால், பெரிய இரும்புப் பரப்பிலிருந்து திரும்பும் அலையே பலமாக இருக்கும். உங்களை முந்திய பேருந்து உங்களைவிட வேகமாகத்தானே போயிருக்கும்? உங்கள் தரப்பின் உயிர்நாடி இது. ஆகவே முதலில் தெரிய வேண்டியது கருவி எந்த வகை, பதிவில் படம் இருக்கிறதா, படத்தில் பேருந்து தெரிகிறதா என்பவைதான்.

பலர் சொல்லும் ஒரு வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள்: “ஓரத்தில் சாய்வாக நின்று பிடித்தார்கள், அதனால் கணக்கு தப்பு.” சாய்வாகப் பிடித்தால் கருவி குறைத்துத்தான் காட்டும். 10 பாகைச் சாய்வில் 88 என்றால் உண்மை வேகம் 89-க்கு மேல். உங்கள் வாயாலேயே ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக் கொடுத்ததாக ஆகும்.

183(3) உங்களுக்குத் துணை. “பார்த்தேன், வேகமாக வந்தான்” என்று ஒரே ஒரு சாட்சி சொல்லும் அபிப்பிராயத்தை வைத்து மட்டும் வேகக் குற்றத்தில் தண்டிக்க முடியாது. அந்த அபிப்பிராயம் கருவியின் அளவைச் சார்ந்திருக்க வேண்டும். கருவி என்று வந்துவிட்டால் அதன் முத்திரைச் சான்றும் கேள்விக்கு வரும். வேகம் அளக்கும் ரேடார் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற எடையளவு விதி 1-7-2025 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். கருவியின் வரிசை எண், கடைசியாகச் சரிபார்த்த தேதி, அன்றைய பதிவின் நகல், இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகும் என்பதால் முதல் வாரத்திலேயே போட வேண்டும்.

பிரிவு 209-ஐப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 183, 184 இரண்டிலும், சம்பவ இடத்திலேயே “வழக்கு வரும்” என்று எச்சரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்குள் நோட்டீஸோ 28 நாளுக்குள் சம்மனோ வந்திருக்க வேண்டும். நிறுத்தி எச்சரித்துவிட்டதால் உங்களுக்கு இது பெரிதாக உதவாது. நிறுத்தாமலே பின்னால் சலான் வந்தவர்களுக்குத்தான் இது ஆயுதம்.

நீங்கள் இன்றே ஓட வேண்டியது சாலையோரக் கடைக்கு. கடை கேமரா பதிவு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அழிந்துவிடும். கேமராவில் தெரியும் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். 40 மீட்டர் என்றால், 60 கி.மீ. வேகத்தில் கடக்க 2.4 விநாடி, 88-ல் 1.6 விநாடி. மறுக்க முடியாத கணக்கு. கேமராக் கடிகாரமும் உங்கள் செல்லும் எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். பதிவைப் பென் டிரைவில் வாங்கினால் மட்டும் போதாது; புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63-ன்படி, கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட்ட சான்று வேண்டும். கடைக்காரரிடம் இப்போதே பேசிவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தலையைச் சொறிவார்.

வேக வரம்புப் பலகை கருவேலம் மூடிக் கிடந்தால், வரும் திசையிலிருந்து, பைக்கில் உட்கார்ந்த உயரத்தில் படம் எடுங்கள். சலானைக் கட்டாமல் விட்டால் அது ஆன்லைனில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே “வழக்காட விரும்புகிறேன்” என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் எல்லைக்குரிய குற்றவியல் நடுவரிடம் வரும். இன்னொன்று: முன்சக்கர டயரைப் பெரிதாக மாற்றியிருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சுற்றளவு 5 சதவீதம் கூடினால், மீட்டரில் 60 என்பது சாலையில் 63.

கேள்வி: என் மகன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி விலக்கு அருகே பைக்கில் போகும்போது, குறுக்கே வந்த சைக்கிள் பெரியவர் மீது இடித்துவிட்டான். அவருக்குக் காலில் எலும்பு முறிவு. “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்று எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். தான் 40-ல்தான் போனேன் என்கிறான். அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போக வேண்டியவன். “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்” என்கிறார் ஒருவர். செய்யலாமா? — தாய், கீழக்கரை

பதில்: வேண்டாம் அம்மா. அது முடிவதில்லை, ஒட்டிக்கொள்வது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனைத் தீர்ப்பு. போலீஸ் நற்சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது அதுதான் முன்னால் வந்து நிற்கும். பெரியவர் நஷ்டஈடு கேட்டுப் போகும்போதும் அந்த ஒப்புதல் உங்கள் மகனுக்கு எதிராகப் படிக்கப்படும்.

எஃப்.ஐ.ஆரில் இரண்டு பிரிவு இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதா 281, முன்பு 279 என்றிருந்தது. 6 மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் அபராதம். எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் 125(பி); 3 வருடம் வரை. இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. பெரியவரோடு சமாதானம் பேசினாலும் 281 தானாகக் கலைந்துவிடாது. அதை ரத்து செய்ய மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குத்தான் போக வேண்டும்.

“அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்பது அச்சு வார்த்தை. ஆட்டுக்குட்டியை இடித்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். வேகமாக ஓட்டினார் என்பதாலேயே அஜாக்கிரதை என்று கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1998-ல், கர்நாடக அரசு–சதீஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே சண்டை பார்வை மகஜரிலும் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸார் எழுதும் குறிப்பு) வரைபடத்திலும்தான். அவற்றில் டயர் தேய்ந்த தடத்தின் நீளம் இருக்கும். சாலையில் மணல் கிடந்தது பெரும்பாலும் இருக்காது. காய்ந்த தாரில், இரண்டு சக்கரமும் பூட்டி 10 மீட்டர் தடம் என்றால் வேகம் ஏறக்குறைய 42 கி.மீ. கடற்காற்று மணலை வாரிப் போட்ட இடத்தில் பிடிமானம் பாதியளவுக்குக் குறைந்துவிடும்; அதே 10 மீட்டருக்கு ஏறக்குறைய 30 கி.மீ. வேகமே போதும். பின்பிரேக்கை மட்டும் மிதித்திருந்தால் தடம் இன்னும் நீளும். தடத்தின் நீளத்தைக் கண்டு “பறந்து வந்தான்” என்பார்கள். மணலைப் படம் பிடித்து வைத்திருந்தால் பதில் இருக்கிறது. இன்றே போய், தடத்தின் பக்கத்தில் அளவு நாடாவை வைத்து எடுங்கள். நாளை காற்று மணலின் இடத்தை மாற்றிவிடும்.

வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை மெக்கானிக் கைவைக்கக் கூடாது. ஹேண்டில் கோணலை நிமிர்த்துவதுகூட வேண்டாம். பார்த்து முடித்து, நடைமுறைகள் முடிந்த 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 136. தரவில்லை என்றால் நடுவர் முன் மனு போடலாம். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மகன் மறுக்கட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு அழையுங்கள்.

கையில் பாஸ்போர்ட் இருந்தால் எஃப்.ஐ.ஆர். மட்டும் பயணத்தைத் தடுக்காது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டுமென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். போகும் முன் வக்கீலுக்கு வக்காலத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். வாய்தாவுக்கு ஆள் இல்லையென்றால் வாரண்ட் வரும்.

கேள்வி: பதநீர் மட்டும்தான் குடித்தேன். ஊதச் சொன்னதில் 34 காட்டியது. — வாசகர், சாயல்குடி

பதில்: சட்டம் என்ன குடித்தீர்கள் என்று கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் 185. கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவாவிட்டால் அது விடியலிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் பதநீர் என்று குடித்தது கள்ளாகியிருக்கலாம். குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், செய்யாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202. ஊதிய சீட்டில் நேரத்தைப் பாருங்கள். இந்த வழக்கைச் சாலையில் பணம் கட்டி முடிக்க முடியாது, நீதிமன்றம்தான். முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய்.

கேள்வி: பாம்பன் சாலைப் பாலத்தில் ரயில் வருவதைப் படமெடுக்க இரண்டு நிமிடம் நிறுத்தினேன். “ஆபத்தாக ஓட்டியது” என்று 184 போடலாமா? — வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஓட்டினால்தான் 184. நிறுத்தியதற்கு 122, அதற்கான அபராதம் 177-ன்படி முதல் தடவை 500 ரூபாய். அதைக் கட்டிவிடுங்கள், நிறுத்தியது தவறுதான். பிரிவை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: என் பைக் தொண்டியில் நிற்கிறது, சலான் கோவையிலிருந்து வருகிறது. — வாசகர், தொண்டி

பதில்: கேமரா சலான் என்றால் 167ஏ விதிப்படி படம், நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள்: கண்ணாடி, கிராஷ் கார்டு, சீட் தையல், டேங்க் ஸ்டிக்கர். அதே கோணத்தில் உங்கள் வண்டியைப் படமெடுத்து இணைத்து, சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் போடுங்கள். கூடவே தொண்டி காவல் நிலையத்தில் நம்பர் பிளேட் மோசடி என்று புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். அந்த வண்டி நாளை ஒருவரை இடித்துவிட்டு ஓடினால் அந்த ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.