செம்பனைப் பூவிலிருந்து ஸ்லைடுவரை: வாசகர் கேள்வி – பதில்

கண்ணுக்குப் புள்ளியாக மட்டும் தெரியும் கணுக்காலிகளை, அதாவது சிறு பூச்சிகளையும் சிற்றுண்ணிகளையும், வீட்டிலேயே பதப்படுத்தி நுண்ணோக்கியில் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குளுவாங் வட்டாரத்திலிருந்து வந்தவை. பெருவௌவாலின் மலாய்ப் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஊருக்கு இவ்வளவு சிறிய உயிர்களின் மீது ஆர்வம் பிறந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கேள்வி: ஐயா, தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் மன்றத்தைக் கவனித்துக்கொள்கிறேன். நன்கொடையாகக் கிடைத்த நுண்ணோக்கியில் எறும்பையும் அரிசி வண்டையும் வைத்துப் பார்த்தோம். மாணவர்களுக்குக் கறுப்புப் பொட்டு மட்டுமே தெரிந்தது. கருவி பழுதாகிவிட்டதா? – ஆசிரியை, குளுவாங்

பதில்: கருவியில் பழுது எதுவும் இல்லை, அம்மா. பள்ளிகளில் இருக்கும் நுண்ணோக்கி கீழிருந்து வரும் ஒளியைப் பொருளின் ஊடாக அனுப்பிக் காட்டும் வகையைச் சேர்ந்தது. வண்டின் உடல் ஒளியை விடாது. ஆகவே நிழல்தான் தெரியும். அதன் மேல்தோலை மட்டும் நிறுத்திக்கொண்டு உள்ளே இருக்கும் தசையையும் கொழுப்பையும் கரைத்து வெளியேற்றினால், கால் கணுக்கள், உணர்கொம்பின் வளையங்கள், மயிர்க்கால்கள் எல்லாம் கண்ணாடியில் வரைந்ததுபோல் தெரியும்.

இதற்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 விழுக்காட்டுக் கரைசல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சோப்பு செய்பவர்கள் வாங்கும் காஸ்டிக் சோடாவும் அதே அளவில் வேலை செய்யும். 10 கிராமைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லிலிட்டராக்குங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, ஏனெனில் அது சூடேறிச் சிதறும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து இதைச் செய்ய வேண்டியவர் நீங்கள், மாணவர்கள் அல்லர். வண்டின் வயிற்றில் மெல்லிய ஊசியால் ஒரு துளையிட்டுக் கரைசலில் போட்டு, ஒன்று அல்லது இரண்டு நாள் அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். உடல் தேன் நிறத்துக்கு வந்ததும் எடுத்து, தண்ணீரில் வைத்துத் தூரிகையால் மெதுவாக அழுத்தினால் உள்ளே கரைந்தது துளை வழியே வெளிவரும். முதல் அலசலில் சில துளி வினிகர் சேருங்கள்; பிறகு வெறும் தண்ணீரில் இரு முறை அலசுங்கள்.

மாணவர்களுக்கு உடனே ஏதாவது காட்ட வேண்டுமானால் இத்தனை பாடு தேவையில்லை. சிலந்தியும் கரப்பான் குஞ்சும் உரித்துப் போட்ட சட்டையைத் தேடி எடுங்கள். இயற்கையே உள்ளீட்டை நீக்கித் தந்த பொருள் அது. ஒரு துளி கிளிசரினில் வைத்து மூடினால் ஐந்து நிமிடத்தில் வகுப்பே வரிசையில் நிற்கும். முதல் ஸ்லைடாக நான் எவருக்கும் பரிந்துரைப்பது அதைத்தான்.

கேள்வி: என் தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது நானும் தோட்டத்தை ஒட்டிய தாமானில்தான் குடியிருக்கிறேன். இங்கே பார்க்கத் தகுந்த சிறு உயிர்கள் என்ன இருக்கின்றன, எப்படிப் பிடிப்பது? – வாசகர், குளுவாங்

பதில்: உங்கள் தகப்பனாரைக் கேட்டுப் பாருங்கள், செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை மனிதக் கையால் ஊட்டிய காலத்தை அவர் கண்டிருக்கக்கூடும். முகப்பவுடர் போன்ற டால்க் தூளில் மகரந்தத்தைக் கலந்து பெண் பூக்குலைகளின் மீது ஊதும் வேலை பல தோட்டங்களில் நடந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவந்தது மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கூன்வண்டு. செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் மரத்தோடு சேர்ந்தே வாழ்ந்த அந்த வண்டு மட்டும் இங்கே வந்து சேரவில்லை என்பதைக் கேமரூனில் ஆராய்ந்து காட்டியவர் ரஹ்மான் சையத் என்னும் பூச்சியியலார். செம்பனையைத் தவிர வேறு பயிரைத் தீண்டாது என்று சோதித்து உறுதிசெய்த பிறகு, 1981இல் அதை முதலில் விட்ட இடம் உங்கள் குளுவாங்கின் பாமோல் தோட்டம்தான். எலைடோபியஸ் கேமருனிகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆகவே நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. தீபகற்பத்தின் செம்பனை வரலாறு உங்கள் வேலிக்கு அப்பால் பறந்துகொண்டிருக்கிறது.

மலர்ந்த ஆண் பூக்குலையில் சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குத்தான் வண்டுகள் கூட்டமாக வரும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பூக்குலையின் ஒரு கிளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினால் பத்து இருபது விழும். பூவை வெட்ட வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. பையை ஓர் இரவு குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, மறுநாள் வண்டுகளை 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். ஆணின் முன்னிறகின் அடிப்பகுதியில் சிறு புடைப்புகள் இருக்கும். பெண்ணின் மூக்கு இன்னும் நீளமாக இருக்கும். கைக்கண்ணாடி ஒன்றிருந்தால் முதல் நாளே ஆண், பெண் பிரித்துவிடலாம்.

இனி, இலைச்சருகு. பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் மரத்தடியில் ஒரு பிடி சருகை அள்ளினால் அதில் ஒரு சிற்றூரே குடியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க இத்தாலியரான பெர்லீஸ் 1905இல் வகுத்த முறையை இன்றைக்கும் எவரும் மிஞ்சவில்லை என்பேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் மேற்பாதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, வாயருகே கொசுவலைக் கம்பியை வைத்து, அதன் மேல் சருகைப் போட்டு, கீழே ஆல்கஹால் ஊற்றிய சிறு புட்டியை வையுங்கள். மேலே 25 வாட் குண்டு பல்பு எரிய வேண்டும். இப்போது கடைகளில் விற்கும் எல்இடி பல்பு சூடேறாது என்பதால் இதற்கு அவ்வளவாக உதவாது. மேலிருந்து சருகு காயக் காய, ஈரத்தையும் இருளையும் நாடும் உயிர்கள் கீழே கீழே இறங்கி இறுதியில் புட்டிக்குள் விழும். மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அவசரப்பட்டுப் பெரிய பல்பைப் போட்டால், இறங்கி வருமுன்பே அவை சருகுக்குள் வெந்துவிடும்.

விழுந்தவற்றில் வாலை உதைத்துத் துள்ளும் ஸ்பிரிங்டெயில் ஆல்கஹாலின் மேல் மிதக்கும், ஏனென்றால் அதன் தோலில் நீர் ஒட்டாது. ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் மூழ்கிவிடும். கறுத்த மிளகுபோல் உருண்டிருப்பவை சருகை உண்ணும் சிற்றுண்ணிகள். இவை இரண்டுக்கும் காஸ்டிக் சோடா வேண்டாம்; உருக்குலைந்துவிடும். குழியுள்ள ஸ்லைடில் லாக்டிக் அமிலத்தில் சில நாள் வைத்தால் தாமாகவே தெளியும். தேள்போல் இடுக்கி நீட்டிய, கொடுக்கில்லாத ஒரு சிற்றுயிர் கிடைத்தால் அதுதான் பொய்த்தேள்; அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

கேள்வி: கனடா பால்சம் என்னும் பிசினில் பதித்த ஸ்லைடுகள் ஒரே வாரத்தில் பால்போல் வெளுத்துவிட்டன. சில பூச்சிகள் சுருங்கியும் போயின. எங்கே தவறு? – வாசகி, லாபிஸ்

பதில்: நீர் போகுமுன் பிசினை ஊற்றிவிட்டீர்கள். பதப்படுத்தும் கலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகளே. ஒரு திரவம் முழுவதும் வெளியேறிய பிறகுதான் அடுத்தது உள்ளே போக வேண்டும். அதற்கு உடலின் பருமனுக்கேற்ப நேரம் கொடுக்க வேண்டும். எனக்கும் தொடக்கத்தில் முப்பது ஸ்லைடுகள் இப்படித்தான் மோர்க்குழம்பாயின.

அலசிய பூச்சியை 70 விழுக்காடு ஆல்கஹால், பிறகு 90, பிறகு 95 என்று படிப்படியாக ஏற்றுங்கள். மூன்று மில்லிமீட்டர் வண்டுக்கு ஒவ்வொரு படியிலும் இருபது நிமிடம் போதும். நேரே வலுத்த ஆல்கஹாலில் போட்டால் உள்ளிருக்கும் நீர் ஒரேயடியாக இழுக்கப்பட்டு உடல் சுருங்கும். உங்கள் இரண்டாவது குறைக்குக் காரணம் அதுதான். அதன்பின் கிராம்பு எண்ணெய். பல்வலிக்கு வைக்கும் அதே எண்ணெய்தான். 95 விழுக்காடு ஆல்கஹாலிலிருந்தே நேராக ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் சிறப்பு. முழுத்தூய ஆல்கஹாலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் மலிவாக விற்கும் சிலவற்றில் சமையல் எண்ணெய் கலந்திருக்கும். ஒரு துளியை ஆல்கஹாலில் விட்டுக் குலுக்குங்கள்: தெளிவாகக் கரைந்தால் நல்லது, கலங்கினால் அது தாளிக்கத்தான் உதவும். பூச்சி எண்ணெயில் மூழ்கி, ஒளியில் பிடித்தால் ஊடுருவித் தெரியும் நிலைக்கு வந்த பிறகே பால்சம்.

மூடுகண்ணாடியை ஒரு பக்கம் முதலில் தொடவிட்டு, மறுபக்கத்தைச் சாத்தே குச்சியில் செருகிய ஊசியால் தாங்கி மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழி ஓரத்தால் ஓடிவிடும். வண்டு நசுங்காமலிருக்க இரண்டு பக்கமும் தூண்டில் நைலான் நரம்பின் சிறு துண்டுகளை வையுங்கள். பால்சம் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்தாதீர்கள்.

இத்தனை படிகளுக்குப் பொறுமையில்லை என்றால் கிளிசரின் ஜெல்லி இருக்கிறது. ஜெலட்டின் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு, கிளிசரின் ஏழு பங்கு. பூஞ்சை பிடிக்காமலிருக்க ஓமத்தில் உள்ள தைமாலின் ஒரு துணுக்கு. ஆல்கஹாலில் இருக்கும் பூச்சியைப் பாதி ஆல்கஹாலும் பாதி கிளிசரினும் கலந்த கிண்ணத்தில் இட்டு, மெல்லிய துணியால் மூடி இரண்டு நாள் வைத்தால் ஆல்கஹால் ஆவியாகிக் கிளிசரின் மட்டும் மிஞ்சும். பிறகு வெந்நீரில் உருக்கிய ஜெல்லியில் பதித்து, ஓரத்தை நிறமில்லாத நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள். நம் வெப்பத்தில் ஓரம் அடைக்காத ஜெல்லி நிலைக்காது.

கேள்வி: ஆங்கிலக் கையேடுகள் எல்லாம் ஹோயர் கலவையைப் புகழ்கின்றன. அதை எங்கே வாங்கலாம்? – வாசகர், குளுவாங்

பதில்: சிற்றுண்ணிகளுக்கு அதைவிட எளிய ஊடகம் இல்லை என்பது உண்மை, தண்ணீரிலிருந்தே நேராகப் பதிக்கலாம். ஆனால் அதன் பெரும்பகுதி குளோரல் ஹைட்ரேட். தூக்க மருந்தாகப் பயன்பட்ட, கட்டுப்பாடுள்ள பொருள் அது. பொழுதுபோக்குக்காக அதன் பின்னால் போக வேண்டாம். லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்துக் கிளிசரின் ஜெல்லியில் பதிப்பதே போதும்.

கேள்வி: என் மகனுக்கு வயது பதின்மூன்று. நாள் முழுக்கச் சருகும் சாக்கடையுமாகத் திரிகிறான். இதனால் நோய் ஏதும் வருமா? – ஒரு தாய், குளுவாங்

பதில்: இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும், அம்மா. முதலாவது, லாலாங் புல்லும் புதரும் மண்டிய இடங்களில் இருக்கும் சிகர் எனப்படும் சிற்றுண்ணிக் குஞ்சு. அளவு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, கால்கள் ஆறே. இது கடித்தால் புதர்க்காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைஃபஸ் தொற்றக்கூடும். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளெட்சரும் லெஸ்லாரும் 1920களில் இந்நோயை ஆராய்ந்தபோது அவர்கள் கண்ட நோயாளிகளில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள் பலர். ஆகவே நம்மவர்களுக்கு இது புதிய கதையன்று. நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போகட்டும், வந்ததும் குளிக்கட்டும், துணியைத் துவைக்கப் போடுங்கள். வெளியே போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ தலைவலியோ வந்தாலும், உடலில் எங்காவது வலியில்லாத கறுப்புப் பொருக்கு தெரிந்தாலும், புதரில் திரிந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உரிய மருந்தை நேரத்தில் கொடுத்தால் குணமாகிவிடும். சொல்லாமல் விடுவதில்தான் ஆபத்து.

இரண்டாவது, கொசுப்புழு. நுண்ணோக்கியில் அது மிக அழகான பொருள்தான். ஆனால் போத்தலில் வளர்க்கக்கூடாது. வீட்டில் கொசு உற்பத்தியாவது நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதோடு, டிங்கியை நாமே வரவேற்பதும் ஆகும். கிடைத்த புழுவை அன்றைக்கே ஆல்கஹாலில் இடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் நுண்ணோக்கியின் வில்லையில் சிலந்திவலை போன்ற கோடுகள் படர்ந்துள்ளன. துடைத்தாலும் போகவில்லை. – வாசகர், குளுவாங்

பதில்: பூஞ்சை. உட்புறம் படர்ந்திருந்தால் நீங்கள் துடைத்துப் பயனில்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். இனிமேல் உறை போட்டு அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மணிகளின் நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசியைப் போட்டு வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதில் தூசி வரும். முதல் கேள்வியில் வந்த வண்டும் வரும்.

கேள்வி: ஸ்லைடின் ஓரத்தில் என்ன எழுத வேண்டும்? – மாணவி, படிவம் இரண்டு, குளுவாங்

பதில்: இடம், நாள், எதிலிருந்து எடுத்தாய், எந்த ஊடகத்தில் பதித்தாய், உன் பெயர். பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் வெற்றிடம் விடு, பிறகு நிரப்பலாம். இடத்தையும் நாளையும் பிறகு எவராலும் நிரப்ப முடியாது. “ஜொகூர், குளுவாங்; செம்பனை ஆண் பூ; கூன்வண்டு, ஆண்; கனடா பால்சம்” என்று எழுதி நாளைக் குறித்துக்கொள். பேனா மை ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்; பென்சிலால் எழுது.