ஊழியர்களின் வீட்டுக் கஷ்டத்துக்கு வளைந்து கொடுத்தால் தலைமேல் ஏறிவிட மாட்டார்களா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் புதிதாக ஷிப்ட் இன்சார்ஜ் ஆனவர் போலத் தெரிகிறது. ஓரிருவர் ஏறத்தான் செய்வார்கள், இல்லை என்று சொல்லவில்லை. என் கதையைக் கேளுங்கள்.

கடலூர் சிப்காட்டில் எனக்கு இது இரண்டாவது கெமிக்கல் கம்பெனி. முதல் கம்பெனியில் இருந்தபோதுதான் தானே புயல், 2011 டிசம்பர் 30. நைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில் புயல் கரையைக் கடக்கிறது, என்னை மாற்றிவிட வேண்டிய அடுத்த ஷிப்ட் ஆள் எப்படி வருவார்? அன்று இரவுவரை பிளாண்டிலேயே கிடந்தேன். முதுநகரில் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துபோய், என் மனைவி ஏழு மாதக் குழந்தையோடு பக்கத்து மாடிவீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "ரியாக்டரை அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா" என்று சிலர் கிளம்புவீர்கள். நான் வரவில்லையே, ஐயா! அப்புறம் கூரை போட எடுத்த 3 நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்தார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அதிலிருந்து என் வாய் அடைத்துப்போனது. பம்ப் கிளாண்டில், அதாவது தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற இடத்தில், சொட்டுவது கண்ணில் படும். லாக் புக்கில் 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போவேன். தப்புதான், பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கென்ன வந்தது என்று இருந்தேன்.

இப்போதைய கம்பெனியில் சேர்ந்தபின் அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் என்று ஆனது. இன்சார்ஜிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "செவ்வாயும் வெள்ளியும் பி ஷிப்டுக்கு, மதியத்துக்கு மேல் வா தம்பி. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை நீ மாற்றிக் கொடு" என்றார். கம்பெனிக்குப் பைசா செலவில்லை. அந்த வாரம்தான் ஒழுங்காகத் தூங்கினேன். அடுத்த சேப்டி மீட்டிங்கில் நானே எழுந்து, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன். அந்தப் புயலுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. "சலுகை கிடைத்த தைரியம்" என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆமாம், அந்தத் தைரியம்தான்.

மகப்பேறு சட்டத்தில் வந்த 2017 திருத்தத்துக்கு அப்புறம் தாய்மாருக்கு 26 வாரம் வரை சம்பளத்தோடு லீவு. நல்லது. தகப்பனுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். எங்களைப் போன்ற தனியார் கம்பெனிக்காரர்களுக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. ஆனால் ஊரில் லேசாக நாற்றம் அடித்தால் போதும், ஏதோ வால்வை நானே திறந்துவிட்டு வந்த மாதிரி டீக்கடையில் எல்லோரும் என் யூனிபார்மைத்தான் முறைக்கிறார்கள்.