வெள்ளி சேர்த்த பயோகிளாஸ் (எலும்போடு ஒட்டும் கண்ணாடி): உங்கள் கேள்விகள்

கே: சில்வர் நைட்ரேட் விட்டதுமே சோல் (கண்ணாடியாக இறுகப்போகும் கரைசல்) பால் மாதிரி வெளுத்துவிடுகிறது. ஏன்?

ப: எந்த அமிலம் போட்டீர்கள் என்று எழுதவில்லை. ஹைட்ரோகுளோரிக்காகத்தான் இருக்கும். வெளுப்பது சில்வர் குளோரைடு. நைட்ரிக் அமிலத்துக்கு மாறுங்கள். கால்சியத்தையும் நைட்ரேட்டாகவே சேருங்கள். சோல் இருட்டில் இருக்கட்டும்.

கே: 600 டிகிரியில் சுட்ட தூள் மஞ்சளாகிவிட்டது. வீணா?

ப: வீணில்லை. வெள்ளியில் ஒரு பகுதி அயனியாக நிற்காமல் உலோக நானோ துகளாகியிருக்கிறது. அது 400 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும், அதனால் மஞ்சள். வெள்ளி வெளியேறும் வேகம் மாறியிருக்கும், அளந்து பாருங்கள்.

கே: எத்தனை சதவீதம் வெள்ளி போடலாம்?

ப: எடையிலா, மோலிலா? 1 மோல் சதவீத சில்வர் ஆக்சைடு, எடையில் கிட்டத்தட்ட 4 சதவீதம். 1 மோல் சதவீதத்துக்குள் தொடங்குங்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வெள்ளி எலும்புச் செல்லையும் கொல்லும். செல் சோதனை முடியாமல் அளவை ஏற்றாதீர்கள்.

கே: 45எஸ்5 என்ற பயோகிளாஸ் வகையில் வெள்ளி சேர்த்தோம். 24 மணி நேரத்தில் 99 சதவீத பாக்டீரியா ஒழிந்தது. கட்டுரையாக அனுப்பலாமா?

ப: வெள்ளி சேர்க்காத அதே கண்ணாடியைச் சோதித்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. 45எஸ்5-ன் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு சோடியம் ஆக்சைடு. திரவத்தில் விழுந்ததும் சோடியம் வெளியேறி, ஹைட்ரஜன் அயனி உள்ளே போகும். பிஎச் 9, 10 என்று ஏறும், நுண்தூளென்றால் இன்னும் வேகமாக. அந்தக் காரமும் கரைந்த உப்புகளுமே பாக்டீரியாவைக் கொல்லும். எலும்புத் தொற்றுக்குப் பயன்படும் எஸ்53பி4 கண்ணாடியில் வெள்ளியே கிடையாது! ஆகவே, ஒரே எடையில், ஒரே துகள் அளவில், வெள்ளியற்ற கண்ணாடியையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் பிஎச் குறியுங்கள். கரைந்த வெள்ளியை ஐசிபி-யில் (கரைசலில் உள்ள தனிமங்களை அளக்கும் கருவி) அளங்கள். அப்புறம் அந்த 99 சதவீதம்: 10 லட்சத்தில் 10 ஆயிரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாக்டீரியாக்கொல்லி என்று சொல்ல வழக்கமாக 99.9 வேண்டும். தடுப்பு வளையப் (மாதிரியைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம்) படங்களையும் இணைத்திருக்கிறீர்கள். பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழில் உள்ள குளோரைடும் புரதமும் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். வளையத்தின் விட்டத்தை வைத்து இரண்டு கண்ணாடிகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

கே: 58எஸ் என்ற பயோகிளாஸ் தூளில் அயனிப் பரிமாற்றம் செய்தும் வெள்ளி சரியாக ஏறவில்லையே?

ப: அந்த முறையில் வெள்ளி சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். 58எஸ்-ல் சோடியம் ஏது? கலவையை ஒருமுறை படித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கே: செயற்கை உடல் திரவத்தில் 3 நாள் ஊறிய பின் எக்ஸ்ஆர்டி-யில் (படிகங்களை அடையாளம் காணும் எக்ஸ் கதிர் சோதனை) 32 டிகிரியில் கூர்மையான சிகரம். அபடைட் (எலும்பில் உள்ள கனிமம்) தானே?

ப: அவசரம் வேண்டாம். அந்தத் திரவத்தில் குளோரைடு 150 மில்லிமோலார் அளவுக்கு இருக்கிறது. சில்வர் குளோரைடின் சிகரமும் 32-ஐ ஒட்டியே வரும். 28, 46 டிகிரிகளிலும் கூர்மையாக நின்றால் குளோரைடுதான். இளம் அபடைட் இவ்வளவு கூர்மையாக வராது, 26-லும் தெரியும். வெள்ளியற்ற கண்ணாடியை இங்கேயும் ஊறவையுங்கள்.